போர்ப் படம் எடுத்தவன் ஊருக்கு வந்து மலையை எடுத்தால் அது வேலையா, பொழுதுபோக்கா?

07.06.2025, மாலை 6.15 (கேள்வி)

போர்முனையில் படம் எடுத்துப் பேர் வாங்கியவர்கள் வயதானதும் ஊர்ப்பக்கம் வந்து மலை, மரம், பேரப்பிள்ளை என்று எடுக்க ஆரம்பிக்கிறார்கள். பிரிட்டிஷ் போர்ப் புகைப்படக்காரர் டான் மெக்கலினே கடைசியில் இங்கிலாந்தின் சாமர்செட் வயல்வெளியில்தான் நிற்கிறார். என் கருத்து, வேலை என்பது முதலில் செய்ததுதான், பிற்பாடு எடுப்பதெல்லாம் ஓய்வுகாலப் பொழுதுபோக்கு. நீலகிரியிலும் அப்படிச் சிலர் இருப்பதாகக் கேள்வி. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

07.06.2025, இரவு 9.50

மறுக்கிறேன். அந்தச் சிலரில் நானும் ஒருவன். ஆனால் வயதானபின் வந்து குடியேறியவன் இல்லை, கோத்தகிரிதான் ஊர். 1985 முதல் 2005 வரை சென்னைப் பத்திரிகை ஒன்றுக்குப் படம் எடுத்தேன். பேர் வாங்கியவன் என்று சொல்ல முடியாது, படத்துக்குக் கீழே பேர் போட்டதே பாதி தடவைதான். முழங்கால் போனதும் விட்டேன். இப்போது கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ், நேரம் இருந்தால் மலை.

தம்பி, மெக்கலினின் அந்த சாமர்செட் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினாயா? 1964-ல் சைப்ரஸ், 1968-ல் வியட்நாமின் ஹுவே நகரம், அடுத்து நைஜீரியாவின் பியாஃப்ராவில் பட்டினிக் குழந்தைகள், கம்போடியாவில் தன் நிக்கான் கேமராவிலேயே துப்பாக்கிக் குண்டை வாங்கியவர். அந்த மனிதர் வயலை எடுத்தால் வானம் எப்படி இருக்கிறது என்று பார். கரிச்சட்டி மாதிரி இருக்கும். டார்க் ரூமில் நின்று அவரே அப்படிக் கருக்கிப் பிரிண்ட் போடுகிறார். பொழுதுபோக்குக்காரன் வானத்தை நீலமாகத்தான் வைத்திருப்பான்.

இன்னொரு பிரிட்டிஷ் புகைப்படக்காரர் ஜார்ஜ் ராட்ஜர் கதை இன்னும் நேரடியானது. 1945 ஏப்ரலில் பெர்கன்-பெல்சன் நாஜி வதைமுகாமுக்குள் போனார். பிணக்குவியல். வியூஃபைண்டரில் பார்த்துக்கொண்டே, எந்தப் பக்கம் நின்றால் படம் நன்றாக அமையும் என்று தான் கணக்குப் போடுவதைத் தானே கண்டுபிடித்தார். இனிப் போர்ப் படம் வேண்டாம் என்று அத்தோடு விட்டார். 1947-ல் காப்பா, கார்த்தியே-பிரெசான், டேவிட் சீமோர் இவர்களோடு சேர்ந்து மேக்னம் என்ற புகைப்படக்காரர்கள் கூட்டுறவு அமைப்பைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அப்புறம் ஆப்பிரிக்காவுக்குப் போய் 1949-ல் சூடானில் நூபா மக்களை எடுத்தார். அதை ஓய்வு என்று சொல்வாயா?

கரண்ட் போகப்போகிறது. மிச்சம் அப்புறம்.

08.06.2025, காலை 7.20

மனைவி படித்துவிட்டாள். "முழங்கால் 2011-லதான் போச்சு. 2005-ல நீங்க மாடிப்படி ரெண்டு ரெண்டா ஏறினீங்க" என்கிறாள்.

சரி. முழங்கால் காரணமில்லை. வேறு காரணம் இருக்கிறது, எழுதத் தோன்றினால் எழுதுகிறேன்.

08.06.2025, இரவு 10.30

மேலே ஒருவர் "ஆதாரம் இருந்தால் படங்களைப் போடுங்கள்" என்று கேட்டிருக்கிறார். நியாயம்தான். ஆனால் என்னிடம் அந்தப் படங்கள் இல்லை.

அந்தக் காலத்தில் எங்கள் வேலை எப்படி நடந்தது என்றால், முதல் கேமராவில் எடுத்த ரோலை அன்று மாலையே ஆபீசுக்கு அனுப்பிவிடுவோம். ராமேஸ்வரத்தில் இருந்தால் ராத்திரி ரயிலில் யாராவது தெரிந்தவர் கையில் கொடுப்போம், மதுரை போய்விட்டால் விமானத்தில் போகும் புண்ணியவான் யாரையாவது பிடிப்போம். அங்கே கழுவி, தேவையானதைப் பிரிண்ட் போட்டு, நெகட்டிவை உறையில் போட்டு அலமாரியில் வைத்துவிடுவார்கள். அது ஆபீஸ் சொத்து. நான் வேலையை விட்டபோது கேட்டேன், தேடிச் சொல்கிறோம் என்றார்கள். பிறகு ஆபீஸ் கட்டடம் மாறியது. இருபது வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது இரண்டாவது கேமராவின் ரோல்கள். முதல் கேமராவில் ஆபீஸ் கொடுத்த ட்ரை-எக்ஸ் பிலிம் போடுவேன். இரண்டாவதில் என் கைக்காசு. நூறடி டின் வாங்கி, ராத்திரி போர்வைக்குள் உட்கார்ந்து நானே கேசட்டில் சுற்றிக்கொள்வேன். ஒரு டின்னுக்குப் பதினெட்டு ரோல் தேறும், சிக்கனமாகச் சுற்றினால் பத்தொன்பது. சில சமயம் கிழக்கு ஜெர்மனியின் ஆர்வோ, பெரும்பாலும் நம்ம ஊர் இந்து. ஊட்டி இந்து நகரில் தயாரான பிலிம்.

சின்ன வயதுக்காரர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960-ல் ஆரம்பித்த மத்திய அரசு நிறுவனம், 1967-ல் உற்பத்தி தொடங்கியது. பிரெஞ்சுக் கம்பெனி ஒன்றின் தொழில்நுட்பம். பிலிம் பூசுகிற இடத்தில் தூசி ஆகாது, சூடு ஆகாது, அதனால்தான் ஊட்டியைத் தேர்ந்தார்கள். என் மைத்துனர் அங்கே வேலை பார்த்தார். ஷிப்ட் முழுக்க இருட்டு, சுவரைத் தடவிக்கொண்டே நடப்போம், எதிரே வருகிறவனைச் செருப்புச் சத்தத்தில் கண்டுபிடிப்போம் என்பார். வீட்டுக்கு வந்து விளக்குப் போட்டால் எரிச்சல்படுவார். இப்போது அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் நான் ஜன்னலுக்கு மறுபக்கம் பார்த்துக்கொள்கிறேன்.

09.06.2025

லென்ஸில் பூஞ்சை வராமல் இருக்க என்ன செய்வது என்று குன்னூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். தலைப்புக்குச் சம்பந்தமில்லை, ஆனால் இந்த மலையில் கேமரா வைத்திருப்பவனுக்கு இதைவிட முக்கியமான கேள்வி கிடையாது.

மர அலமாரி வேண்டாம், மரம் ஈரத்தைக் குடித்துவைத்துக் கக்கும். இரும்பு பீரோவின் அடித்தட்டில் நாற்பது வாட் குண்டு பல்பு ஒன்றை ஜூன் முதல் டிசம்பர் வரை எரியவிடுங்கள். குண்டு பல்பு இப்போது கிடைப்பது கஷ்டம், எல்இடி போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்று என்னிடம் வராதீர்கள், அதில் அவ்வளவு சூடு கிடையாது. சிலிக்கா ஜெல் நிறம் மாறினால் எறிய வேண்டாம், பழைய வாணலியில் போட்டு இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி வேலை செய்யும். அதே வாணலியில் பிறகு சமைக்கக் கூடாது. இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன், மனைவியிடம் கேட்க வேண்டாம். தோல் உறை வேண்டவே வேண்டாம், பூஞ்சைக்கு அது கல்யாண விருந்து.

நெகட்டிவுக்கு இதெல்லாம் போதாது. அசிட்டேட் பிலிம் ஈரத்தில் மெல்லப் புளிக்கும். டப்பாவைத் திறந்தால் ஊறுகாய் ஜாடியைத் திறந்த மாதிரி காடி வாசம். போன மாதம் என் பெட்டியிலும் அந்த வாசம் வந்தது. அதனால்தான் மகள் ஸ்கேனர் வாங்கிக் கொடுத்தாள். நானூறு சொச்சம் ரோல், ஆறு ஆறு பிரேமாக வெட்டிய பட்டைகள். நாளைக்கு மூன்று ரோல் முடிக்கிறேன், மழை நாளில் நான்கு.

13.06.2025, இரவு

1990 ரோல்களுக்கு வந்துவிட்டேன். இது கொஞ்சம் நீளும்.

மண்டபம் முகாம் என் குடும்பத்துக்குப் புதிதல்ல. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுபோன காலத்தில் அங்கேதான் நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று பார்த்து, கப்பலேற்றுவார்கள். என் தாத்தா அந்த வழியாகப் போனவர். 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று எழுதினார்கள். அந்த எண்ணிக்கையில் நாங்கள் ஆறு பேர். 1974-ல் நுவரெலியாவிலிருந்து ரயில், தலைமன்னாரில் 'ராமானுஜம்' கப்பல், இந்தப் பக்கம் இறங்கி மறுபடி மண்டபம். எனக்கு வயது 16. அங்கிருந்து நீலகிரி, டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டம், அம்மாவுக்கு மறுபடி அதே கொழுந்துக் கூடை. எங்களுக்குத் தாயகம் திரும்பியோர் என்று பேர். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் வேறு பேர், சிலோன்காரங்க.

1990 ஜூனில் இலங்கையில் மறுபடி சண்டை மூண்டதும் படகுகள் வர ஆரம்பித்தன. அந்த அலையில் ஒரு லட்சம் பேருக்கும் மேல் வந்தார்கள். ஆபீஸ் என்னை அனுப்பியது, பாஷை தெரியும், சிலோன் பேச்சும் வரும் என்று. முகாமுக்குள் நுழைந்ததும் எனக்குத் தோன்றிய முதல் விஷயம், தண்ணீர்க் குழாய் இடம் மாறியிருக்கிறது என்பதுதான். மனசு அப்படித்தான் வேலை செய்கிறது.

ஒரு அம்மா, நாற்பது வயது இருக்கும், குழந்தையின் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தாள். நான் நாலைந்து படம் எடுத்தபின் பேச்சுக் கொடுத்தேன். இரண்டு வாக்கியம் கேட்டுவிட்டு, "தம்பி, நீங்க எந்தத் தோட்டம்?" என்றாள். மலையகத்துக்காரி. கலவரத்துக்குப் பயந்து வவுனியாவுக்குப் போய்க் காடு வெட்டிக் குடிசை போட்டவர்கள், அங்கேயும் நிற்க முடியாமல் படகேறியவர்கள். நான் தோட்டத்துப் பேரைச் சொன்னேன். அதற்கடுத்த டிவிஷனில் அவளுடைய சித்தி இருந்திருக்கிறாள். அரைமணி நேரம் ஊர்க்கதை. கிளம்பும்போது, "எடுத்த படத்துல ஒண்ணு எங்களுக்கும் அனுப்புங்க, எங்ககிட்ட எதுவுமே இல்ல" என்றாள். முகாம் வரிசை எண்ணை எழுதிக்கொண்டேன்.

அந்தப் படம் இரண்டு பக்கத்துக்கு விரித்து வந்தது. என் பேரும் வந்தது. பிரிண்ட் ஒன்று கேட்டு ஆபீசுக்கு எழுதினேன், வரவில்லை. இதழையாவது வாங்கித் தபாலில் போட்டிருக்கலாம், விலை சில ரூபாய்தான். போடவில்லை. அடுத்த வேலை வந்தது, அதற்கடுத்த வேலை வந்தது. ஆபீசைக் குறை சொல்லி மேலே எழுதினேன், இதில் ஆபீஸ் மேல் பழியில்லை.

இன்றைக்கு ஸ்கேன் பண்ணிய ரோலில் அவள் இருக்கிறாள். இரண்டாவது கேமராவில், 31, 32-ம் பிரேம்களில். பேசி முடித்தபின் எடுத்தது போல. இதழில் வந்த முகம் வேறு. இதில் சிரித்துக்கொண்டு எதையோ சொல்லிக் கையை நீட்டுகிறாள், பத்திரிகைக்கு இது ஆகாது.

33-ம் பிரேம் எங்கள் வீட்டு ரேஷன் கார்டு. தெரிந்துதான் எடுத்திருக்கிறேன், நகல் வேண்டியிருந்திருக்கும். 34-ல் மகள், ஏழு வயது, முன்பல் இரண்டும் இல்லை. 35 மங்கல். 36 பட்டையின் கடைசி, சுருண்டு ஒட்டிக் கிடக்கிறது, கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

14.06.2025, காலை

ராத்திரி தூங்கவில்லை, எழுந்து மற்ற ரோல்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இதே மாதிரி. ரோல் முழுசாக முடியாமல் கழுவ முடியாது, மூன்று நான்கு பிரேமை வீணாக்கவும் மனசு வராது, கைக்காசு ஆச்சே. அதனால் வீட்டுக்கு வந்ததும் வாசலில் நின்று எதையாவது படக் படக்கென்று எடுத்து முடித்துவிட்டு டார்க் ரூமுக்குள் போய்விடுவேன். டார்க் ரூம் என்றால் குளியலறைதான், ஜன்னலில் கறுப்புக் கம்பளி. டி-76, ஹைப்போ என்று பிலிம் கழுவும் மருந்தெல்லாம் வாளிக்குப் பக்கத்தில்.

1987 ஆகஸ்ட் 4, யாழ்ப்பாணம் சுதுமலையில் பிரபாகரன் பேசிய கூட்டம், கண்ணுக்கெட்டியவரை தலைகள். அதே பட்டையில் கடைசி இரண்டு, எங்கள் வீட்டுக் கோழிக்கூடு, அப்பா அதன் கதவைச் சரிபண்ணுகிறார். அப்பா 1993-ல் போய்விட்டார். அவர் உட்கார்ந்த மாதிரி இருக்கும் ஒரே படம் அதுதான், அதிலும் பாதி முதுகு.

என் குடும்பத்துக்கு என்று ஒரு ரோலும் நான் செலவழித்ததில்லை. வேலை என்று நினைத்து எடுத்ததெல்லாம் யாரோ ஒருவர் அலமாரியில் போய்விட்டது. ரோலை முடிக்க எடுத்தது கையில் இருக்கிறது.

14.06.2025, மாலை

"அந்த அகதி அம்மாவையும் உங்கள் மகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அருமையான கண்காட்சி" என்று எழுதியவருக்கு. வேண்டாம். நடுவில் ரேஷன் கார்டு இருக்கிறது. அதை எடுத்துவிட்டு இரண்டையும் ஜோடி சேர்த்தால் பார்ப்பவர் உச்சுக்கொட்டுவார், ஆனால் நான் அப்படி யோசித்து எடுக்கவில்லை. யோசித்த மாதிரி காட்டுவது பித்தலாட்டம். வைத்தால் ஆறு பிரேம் பட்டையை அப்படியே வைக்கணும், ரேஷன் கார்டும் மங்கலும் உட்பட.

காலையில் எழுதியதை மறுபடி படித்தேன். "ஒரு ரோலும் செலவழித்ததில்லை" என்பது தப்பு. மகள் சடங்குக்கு இரண்டு கலர் ரோல் எடுத்தேன். இரண்டும் ஸ்டூடியோக்காரன் எடுத்த மாதிரி இருக்கும், எல்லோரும் விறைத்துக்கொண்டு. அதைப் பற்றிப் பேசாமல் விடலாம்.

22.06.2025

கேள்வி கேட்ட தம்பியே வந்து, "நிக் உட் மாதிரி ஒரே ஒரு படம் எடுத்தாலும் போதும், அதுதான் வேலை" என்கிறார். 1972 ஜூன் 8, திராங் பாங் கிராமம், நேபாம் குண்டில் வெந்த சிறுமி ஓடி வரும் படம். படம் எடுத்ததோடு நிற்காமல் அந்தக் குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர். உதாரணம் நல்ல உதாரணம்தான்.

ஆனால் சேதி பார்த்தாயா? அந்தப் படத்தை உண்மையில் எடுத்தவர் வேறொருவர் என்று இந்த வருஷம் பெரிய சர்ச்சை. போன மாதம் வேர்ல்ட் பிரஸ் போட்டோ அமைப்பு, எடுத்தவர் இன்னார் என்பதை நிறுத்திவைத்திருக்கிறது. ஏபி செய்தி நிறுவனம் தானும் விசாரித்துவிட்டு, மாற்றும் அளவுக்கு உறுதியான ஆதாரம் இல்லை, நிக் உட் பேரே இருக்கும் என்று சொல்லிவிட்டது. 53 வருஷம் கழித்து. எனக்கு யார் பக்கமும் பேசத் தெரியாது. ஆனால் அன்றைக்கு எத்தனை பேர் ரோட்டில் நின்றார்கள், ரோல்கள் எப்படிக் கைமாறின என்று படிக்கும்போது, ராத்திரி ரயிலில் நான் கொடுத்தனுப்பிய உறைகள் ஞாபகம் வந்தன. பால்பாயின்ட் பேனாவில் என் பேர், ஊர், தேதி. மழையில் நனைந்தால் அதுவும் போச்சு.

காப்பா விஷயமும் இப்படித்தான். ஸ்பெயின் போரில் அவரும் கெர்டா டாரோவும் சேர்ந்து எடுத்தார்கள். அந்தப் பெண் 1937 ஜூலையில் புருனெத்தே பின்வாங்கலில் டாங்கி மோதிச் செத்துப்போனாள், 26 வயது. 2007-ல் மெக்சிகோவிலிருந்து மூன்று அட்டைப்பெட்டிகள் நியூயார்க் வந்து சேர்ந்தன, உள்ளே சுமார் 4,500 நெகட்டிவ். அவற்றைப் பட்டை பட்டையாகப் பார்த்த பிறகுதான் எது காப்பா, எது டாரோ, எது சீமோர் என்று பல படங்களுக்குத் தெளிவு வந்தது. தனிப் பிரிண்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, முன்னால் பின்னால் என்ன பிரேம் இருக்கிறது என்பதில்தான் எல்லாம். அதனால் வீட்டில் பழைய நெகட்டிவ் வைத்திருப்பவர்கள் நல்ல படத்தை மட்டும் வெட்டி எடுக்கிற வேலையைச் செய்யாதீர்கள்.

29.06.2025

ஒரு சகோதரி ஹோமாய் வியாரவாலாவை ஞாபகப்படுத்தினார். நன்றி. டால்டா 13 என்ற பேரில் எடுத்தவர், இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். 1970-ல் கேமராவைக் கீழே வைத்தவர் 2012-ல் சாகும்வரை தொழிலாக அதைத் தொடவில்லை. நாற்பது வருஷத்துக்கும் மேல். மலையும் எடுக்கவில்லை, மரமும் எடுக்கவில்லை. தம்பியின் கணக்கில் இவர்தான் சுத்தமான ஆள் போல.

அப்புறம், முழங்கால் விஷயம்.

2004 டிசம்பர் 26 சுனாமி. நான் 27-ம் தேதி விடியற்காலை நாகப்பட்டினத்தில் இருந்தேன். அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல் செத்தார்கள். மூன்றாம் நாள் ஒரு இடத்தில், வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள், நான் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தேன். பிரேமின் ஓரத்தில் ஒரு குழந்தைச் செருப்பு பாதி வெட்டுப்பட்டு நின்றது. செருப்பு முழுசாக வரட்டும் என்று இரண்டு அடி பின்னால் நகர்ந்தேன். நகர்ந்தபோது பின்னால் இருந்த ஒருவர் காலை மிதித்துவிட்டேன். திரும்பி "சாரி" என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை, தள்ளவில்லை. எனக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றார். அந்த வரிசையில் அவருடைய ஆட்கள் இருந்தார்கள்.

ராட்ஜர் கதையை அதற்கு முன்பே படித்திருக்கிறேன், மேடையில்கூட ஒருமுறை சொல்லியிருக்கிறேன். படித்தது ஒன்றுக்கும் உதவவில்லை. இரண்டு அடி நகரத்தான் நகர்ந்தேன். படமும் நன்றாக வந்தது. மார்ச் மாதம் ராஜினாமா எழுதினேன், காரணம் உடல்நிலை என்று. அதையே இருபது வருஷமாக எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி முழங்கால் எனக்கே உண்மையாகிவிட்டது. உண்மையான வலி வந்தபோது பழைய நண்பன் வந்த மாதிரி இருந்தது.

30.06.2025

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு மூன்று பேர் போன் பண்ணினார்கள். நான் நன்றாக இருக்கிறேன். வர்க்கியும் டீயும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

16.07.2025

டேனிஷ் சித்திக்கி இறந்து இன்றோடு நான்கு வருஷம். 2021 ஜூலை 16, ஆப்கானிஸ்தானில் ஸ்பின் போல்தாக். ராய்ட்டர்ஸ்காரர், ரோஹிங்கியா அகதிகள் படங்களுக்காக 2018-ல் புலிட்சர் வாங்கிய குழுவில் ஒருவர். அவர் சாவதற்குச் சில மாதம் முன்னால் எடுத்தவை கொரோனா இரண்டாம் அலையின் படங்கள், டெல்லியில் வரிசையாக எரியும் சிதைகள். அவற்றுக்கு 2022-ல் மறுபடி புலிட்சர், ஆள் இல்லை. டெல்லி அவருடைய சொந்த ஊர். போர் இங்கே, வீடு அங்கே என்று பிரித்துக் கேட்ட தம்பி அந்த டெல்லிப் படங்களை எந்தக் கட்டத்தில் போடுவார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

17.07.2025

தம்பி பதில் போட்டிருக்கிறார். "சரி, கட்டம் தப்பு. ஆனால் மலைப் படம் மலைப் படம்தான்." பிடிவாதக்காரர். எனக்குப் பிடித்திருக்கிறது.

மலைப் படத்துக்கே வருகிறேன். 2021 டிசம்பர் 8, குன்னூர் காட்டேரிப் பக்கம் நஞ்சப்பசத்திரத்தில் ராணுவ ஹெலிகாப்டர் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர், ஒருவர்கூட மிஞ்சவில்லை. மதியம் சென்னையிலிருந்து பழைய ஆபீஸ் நண்பன், "நீதான் பக்கத்துல இருக்க, போ" என்றான். பதினாறு வருஷம் கழித்து அந்தக் குரல். வெட்கமாக இருக்கிறது, உடம்பு உடனே எழுந்துவிட்டது. கேமராவை எடுத்தால் பேட்டரி செத்துக் கிடந்தது. முந்தின ஞாயிறு காதுகுத்துக்குப் பிறகு சார்ஜ் போடவில்லை. அப்படியே போனேன். போய்ச் சேர்ந்தபோது ரோட்டை அடைத்திருந்தார்கள், பனிமூட்டம், மரங்களுக்கு இடையில் புகை. ஊர்க்காரர்கள் வீட்டுக் கம்பளிகளைக் கொடுத்திருந்தார்கள், அதில் வைத்துத்தான் தூக்கினார்களாம். ஒரு பாட்டி கம்பளி இல்லாமல் வாசலில் கைகட்டி நின்றாள். குளிர் தெரியுமே, டிசம்பர்.

அந்த நாளின் படம் எது? ரயில் பாதையில் நடந்துபோன சுற்றுலாப் பயணி ஒருவர் கைபேசியில் எடுத்த சில வினாடி. ஹெலிகாப்டர் மேகத்துக்குள் போகிறது, சத்தம் மாறுகிறது, அவ்வளவுதான். அவர் எடுக்க வந்தது மலையைத்தான்.

02.08.2025

36-ம் பிரேம்.

புத்தகத்துக்கு அடியில் ஒன்றரை மாதம் கிடந்து ஓரளவு நிமிர்ந்துவிட்டது. ஸ்கேன் பண்ணினோம். அதில் நான் இருக்கிறேன். வீட்டுத் திண்ணையில் தூங்குகிறேன், வாய் திறந்திருக்கிறது, ஒரு காலில் ஷூ, இன்னொரு ஷூ பக்கத்தில் கவிழ்ந்து கிடக்கிறது. கேமராப் பையை வயிற்றோடு அணைத்திருக்கிறேன். இருபது வருஷ நெகட்டிவில் நான் இருக்கும் முதல் படம். கேமரா என்னுடையது, பிலிம் என் கைக்காசு, எடுத்தது நான் இல்லை.

யார் எடுத்தது? மகள், "நான்தான், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்கிறாள். மனைவி, "உனக்கு ஏழு வயசு, அந்தக் கேமராவைத் தூக்கவே முடியாது, அது அத்தை எடுத்தது" என்கிறாள். அத்தை என்றால் என் அம்மா. அம்மா கேமராவைத் தொட்டு நான் பார்த்ததில்லை. "நீங்க தூங்கும்போது எப்படிப் பார்ப்பீங்க?" என்று மனைவி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

விசாரணைக் குழு சமையலறையில் கூடியது. படம் எடுத்த உயரம் மூன்றரை அடி. ஏழு வயதுப் பெண் நின்றால் அந்த உயரம், அம்மா படிக்கட்டில் உட்கார்ந்தால் அதே உயரம். இடது மூலையில் ஒரு விரல் லென்ஸை மறைத்திருக்கிறது, கறுப்பாக ஒரு திட்டு. அது கொழுந்து பறித்துக் கறையேறிய விரல் என்கிறாள் மனைவி. லென்ஸை ஒட்டி நின்றால் எந்த விரலும் கறுப்பாகத்தான் விழும் என்று நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை. 35-ம் பிரேமை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தோம். மங்கல் என்று எழுதியிருந்தேனே, அது பனி இல்லை. அதுவும் திண்ணைதான், கை ஆடியிருக்கிறது. ஆக யாரோ ஒருமுறை எடுத்துப் பார்த்து, சுற்றி, மறுபடி எடுத்திருக்கிறார்கள். பிலிமை அடுத்த பிரேமுக்குச் சுற்றத் தெரிந்தவர். அம்மாவுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

02.08.2025, இரவு

மகள் ஸ்கேன் கோப்பில் எடுத்தவர் என்ற கட்டத்தில் தன் பேரைப் போட்டிருந்தாள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அது அழிந்து என் அம்மா பேர் இருக்கிறது. மனைவி ஒன்றும் தெரியாத மாதிரி பாத்திரம் கழுவுகிறாள். நான் தொடவில்லை.

மண்டபத்து அம்மாவின் 32-ம் பிரேமை எட்டுக்குப் பத்து அளவில் ஒரு பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். முகாம் வரிசை எண் எழுதிய டைரி 1990 பெட்டியில் இல்லை, 1991-ல் தேடணும். நாளைக்கு வெயில் வந்தால் சிலிக்கா ஜெல்லையும் வறுக்கணும்.